எண்ணூர் உப்புக்காற்றுக்குத் தாங்கும் புல்வெட்டும் மிஷின்

எண்ணூர், மணலி பக்கம் கம்பெனி வளாகங்களில் புல் வெட்டும் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். இங்கே மிஷினை முதலில் சாகடிப்பது எஞ்சின் கோளாறு இல்லை, துரு. அடித்தகட்டில் ஈரப்புல் அப்பிக்கொள்ளும், கூடவே உப்புக்காற்று. என் பழைய மிஷினில் சக்கரம் மாட்டும் இடமே பிய்ந்து வந்துவிட்டது. வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழுந்தது.

அதனால் அலுமினிய வார்ப்பு உடம்புள்ள மிஷினுக்கு மாறினேன். விலை கூடுதல்தான், ஆனால் தகடு இற்றுப்போகும் தொல்லை போய்விட்டது. வாங்கும்போது எஞ்சின் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் (உள் உறை) இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். தினமும் மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் உழைக்கும். ஏர் ஃபில்டர், பிளேடு, ஸ்டார்ட்டர் கயிறு எல்லாம் பாரிமுனையில் கிடைக்குமா என்றும் விசாரித்துவிடுங்கள்.

அப்புறம் ஜல்லிக்கல். பிளேடு அதில் மோதினால் அதைச் சுழற்றும் எஞ்சின் தண்டான கிராங்க் ஷாஃப்டே வளையும். வெட்டுவதற்கு முன்னால் இடத்தை ஒரு சுற்று நடந்து பொறுக்கிவிடுகிறோம்.

வேலை முடிந்ததும் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படி சாய்த்து, அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டுகிறோம். மாற்றிச் சாய்த்தால் எஞ்சின் ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிடும்.