லங்காவி போகிறீர்களா? அங்கே கார் வாடகைக்கு எடுக்கலாமா என்று முடிவு செய்வது எப்படி

காரைக்குடியில் எங்கள் உறவுக்குள்ளேயே இந்த வருடம் மூன்று குடும்பங்கள் லங்காவிக்கு டிக்கெட் போட்டிருக்கின்றன. திருச்சியில் ஏறினால் கோலாலம்பூர், அங்கிருந்து இன்னொரு விமானத்தில் ஒரு மணி நேரம், தீவு வந்துவிடும். செட்டிநாட்டுக்காரர்களுக்கு மலேசியா புதிது இல்லை. ஆனால் ஐயாக்கள் கொண்டுவிற்கப் போனது வேறு, நாம் பிள்ளைகளோடு ரிசார்ட்டில் நாலு நாள் தங்கப் போவது வேறு. மூன்று வீட்டிலும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அங்க போய் கார் எடுத்துக்கலாமா, வேணாமா?"

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வருடம் முன்பு நாங்கள் போனபோது, விமான நிலையத்தில் இறங்கியதுமே முழுப் பயணத்துக்கும் சேர்த்துக் கார் எடுத்துவிட்டோம். அதில் பாதிக்கு மேற்பட்ட நேரம் அது ரிசார்ட் வாசலில் ஒரு மரத்தடியில் நின்றது. காலையில் பால்கனியில் காபி குடித்துக்கொண்டே எங்கள் ஆயா கேட்டார்: "ஏப்பா, நிக்கிற வண்டிக்கு எதுக்கு வாடகை?" அந்தக் கேள்வியை வைத்துத்தான் இப்போது எல்லோருக்கும் வழி சொல்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அரை மணி நேரம் போதும்.

முதல் படி: ரிசார்ட் தீவின் எந்தப் பக்கம்?

வாடகை எவ்வளவு என்று தேடுவதற்கு முன்னால் வரைபடத்தைத் திறந்து உங்கள் ரிசார்ட்டைக் குறியுங்கள். முடிவில் பாதி இங்கேயே வந்துவிடும்.

லங்காவி சின்னத் தீவுதான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். விமான நிலையம் மேற்கே இருக்கிறது. அங்கிருந்து பந்தாய் செனாங் கடற்கரைக்குப் போவது காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போவது மாதிரி, கால் மணி நேரம். சாப்பாட்டுக் கடைகள், இந்திய உணவகங்கள், பணம் மாற்றும் இடம், மருந்துக் கடை எல்லாம் அந்தக் கடற்கரைச் சாலையிலேயே நடை தூரத்தில் இருக்கின்றன. செனாங்கிலிருந்து குவா நகரம் போவது ஏறக்குறைய காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போவது போல.

ஆனால் வடமேற்கில் டத்தாய் பக்கமோ, வடக்கே தஞ்சோங் ரூ பக்கமோ தங்கினால் கதை வேறு. இடம் அவ்வளவு அழகு, அமைதி. அதே சமயம் ரிசார்ட்டை விட்டு வெளியே வந்தால் காடும் சாலையும்தான். இரவு ஒரு தோசை சாப்பிட ஆசைப்பட்டால்கூட வண்டி வேண்டும். நம்மூர் மாதிரி டவுன் பஸ்ஸை நம்பித் திட்டம் போட முடியாது. கிராப் செயலியில் கார் கூப்பிடலாம். செனாங், குவா, விமான நிலையம் பக்கம் சீக்கிரம் வரும். ஒதுக்குப்புறமான இடத்தில் மாலை நேரத்தில் காத்திருக்க நேரலாம்.

நோட்டில் "நடை தூரத்தில் சாப்பாடு: உண்டு / இல்லை" என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நாட்களைப் பிரித்து எழுதுங்கள்

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. அந்த நாளில் கார் ஓடுமா, நிற்குமா என்று பக்கத்தில் குறியுங்கள். நாங்கள் போய் வந்த பிறகு நான் எழுதிப் பார்த்த கணக்கு இது:

முதல் நாள், மதியம் போய்ச் சேருவது. ஒரே ஒரு சவாரி.
இரண்டாம் நாள், கேபிள் கார், குவாவில் கழுகுச் சிலை, கடைவீதி. நாள் முழுக்க ஓட்டம்.
மூன்றாம் நாள், படகுச் சுற்றுலா.
நான்காம் நாள், நீச்சல் குளம், கடற்கரை, இரவுச் சந்தை.
ஐந்தாம் நாள், காலையில் விமான நிலையம்.

மூன்றாம் நாளைக் கொஞ்சம் பாருங்கள். லங்காவி என்பது 99 தீவுகள் கொண்ட கூட்டம். டாயாங் புந்திங் தீவுக்கும் கிலிம் அலையாத்திக் காட்டுக்கும் படகில்தான் போக வேண்டும். இந்தப் படகுச் சுற்றுலாக்காரர்கள் பலர் ரிசார்ட்டுக்கே வேன் அனுப்பி அழைத்துப்போய், திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். சீட்டு வாங்கும்போதே "கூட்டிப்போக வருவீர்களா" என்று கேட்டுவிடுங்கள். வருகிறார்கள் என்றால் அன்று நீங்கள் எடுத்த கார் சும்மா நிற்கும்.

ஐந்து நாளில் கார் உண்மையில் ஓடுவது ஒரு நாள்தான் என்பதை நாங்கள் முன்பே எழுதிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மூன்றாம் படி: எத்தனை பேர், எத்தனை பெட்டி?

சாதாரண கிராப் காரில் நாலு பேர்தான் ஏறலாம். ஐந்தாவதாக ஒரு குழந்தை இருந்தாலும் ஆறு பேர் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும், கட்டணம் கூடும். வாடகைக் காரிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே அதிகம் கிடைப்பது பெரொடுவா நிறுவனத்தின் சின்னக் கார்கள். ஐந்து பேர் உட்காரலாம், ஆனால் ஐந்து பேரின் பெட்டிகளும் டிக்கியில் அடங்காது. பெட்டி இருக்கும் நாட்களில் டாக்ஸி, பெட்டி இல்லாத நாளில் வாடகைக் கார் என்று வைத்துக்கொண்டால் சின்னக் காரே போதும்.

கூட வரும் பெரியவர்களையும் கணக்கில் சேருங்கள். முழங்கால் வலி உள்ள ஆயாவை ஒவ்வொரு இடத்திலும் வெயிலில் நிறுத்திவைத்து அடுத்த வண்டிக்குக் காத்திருப்பது கஷ்டம். இதற்கு ரிங்கிட்டில் விலை போட முடியாது, ஆனால் நோட்டில் எழுதத்தான் வேண்டும்.

நான்காம் படி: பற்று வரவு

இப்போது கணக்கு. கீழே இருக்கும் தொகைகள் முறை புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. நீங்கள் போகிற மாதத்துக்கு உரிய வாடகையையும் கிராப் கட்டணத்தையும் பார்த்து மாற்றிப் போடுங்கள். பள்ளி விடுமுறையில் வாடகை ஏறும்.

ஐந்து பேர், செனாங் பக்கம் ரிசார்ட், கார் எடுக்காமல் ஆறு பேர் வண்டியில் மட்டும் போவதாக வைத்துக்கொள்வோம். விமான நிலையம் போகவர 30, 30. இரண்டாம் நாள் மூன்று சவாரி, 50, 60, 45. இரவுச் சந்தைக்குப் போகவர 40. இரண்டு இரவு வெளியே சாப்பிடப் போகவர 80. கூட்டினால் 335 ரிங்கிட்.

முழுப் பயணத்துக்கும் கார் என்றால், 24 மணி நேரம் ஒரு நாள் என்ற கணக்கில் நாலு நாள். நாளுக்கு 150 என்றால் 600, பெட்ரோலுக்கு 40. மொத்தம் 640.

இரண்டாம் நாள் மட்டும் கார் என்றால், அன்றைய சவாரிக் காசு 155-ஐக் கழித்துவிட்டு, வாடகை 150, பெட்ரோல் 25 சேருங்கள். மொத்தம் 355.

கார் இல்லாமல் போவதற்கும் ஒரு நாள் கார் எடுப்பதற்கும் வித்தியாசம் 20 ரிங்கிட்தான். அந்த 20 ரிங்கிட்டுக்கு, வழியில் ஒரு அருவி கண்ணில் பட்டால் நிற்கலாம், பிள்ளை தூங்கினால் வண்டியிலேயே தூங்க விடலாம், சாயங்காலம் தஞ்சோங் ரூ கடற்கரை வரை போய் வரலாம். செனாங் பக்கம் தங்கும் குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே ஒரு நாள் எடுங்கள்.

இதே குடும்பம் டத்தாய் மாதிரி தூரத்தில் தங்கினால்? விமான நிலையச் சவாரி 60, 60 என்றும், இரண்டாம் நாளுக்கு 180 என்றும், இரண்டு இரவுச் சாப்பாட்டுக்குப் போகவர 240 என்றும், சந்தைக்கு 120 என்றும் வைத்தால் 660 ஆகிறது. முழுப் பயணத்துக்கும் கார் எடுப்பது 640. அங்கே தங்கி, தினமும் வெளியே வரவும் ஆசை இருந்தால் தாராளமாக எடுங்கள். ரிசார்ட்டை விட்டு நகரவே போவதில்லை என்றால், போகவர டாக்ஸி மட்டும் போதும்.

ஐந்தாம் படி: ஓட்டப் போவது யார்?

அங்கேயும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். அந்தப் பயம் வேண்டாம். ஆனால் வாடகைக் கார்கள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். ஊரில் கிளட்ச் மிதித்தே பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழக்கத்தில் இடது கால் தானாக எழுந்து பிரேக்கை அழுத்தமாக மிதித்துவிடும், வண்டி குலுங்கி நிற்கும், பின்னால் வருபவர் மோதலாம். இடது காலை ஓரமாக வைத்துவிட்டு வலது கால் ஒன்றாலேயே இரண்டு பெடலையும் இயக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் உறவுக்காரர் யாரிடமாவது ஆட்டோமேட்டிக் கார் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கானாடுகாத்தான் வரை ஓட்டிப் பாருங்கள். அந்த அகலமான வெறும் தெருக்களில் ரிவர்ஸும் பார்க்கிங்கும் பழகலாம்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி ஆர்டிஓ அலுவலகத்துக்குப் பரிவாஹன் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். படிவம் 4-ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டு செல்லும். ஊர் லைசென்ஸ் அட்டையையும் கூடவே எடுத்துப் போக வேண்டும், அனுமதிப் புத்தகம் மட்டும் போதாது. கிளம்பும் வாரத்தில் அலையாமல் ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

வீட்டில் நம்பிக்கையாக ஓட்டக்கூடியவர் யாரும் இல்லையா? கணக்கு என்ன சொன்னாலும் எடுக்காதீர்கள். ஓட்டுநரோடு வேனை அரை நாள், ஒரு நாள் என்று பேசி எடுக்கும் வசதியும் அங்கே இருக்கிறது.

ஆறாம் படி: காசு கட்டும் முன் கேட்க வேண்டியவை

வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள், பதிலும் எழுத்தாக வரட்டும். இன்சூரன்ஸ் நம் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்தா, எதிராளிக்கு மட்டுமா? சேதம் ஆனால் முதலில் நம் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும்? டெபாசிட் எவ்வளவு, எப்போது திரும்ப வரும்? இரண்டாவது ஆளும் ஓட்டினால் பெயர் சேர்க்க வேண்டுமா? குழந்தை இருக்கை கிடைக்குமா? மலேசியாவில் 2020 முதல் காரில் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். பின் இருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும்.

இன்சூரன்ஸ் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

கார் எடுக்கும் நாளை முடிவு செய்யும் முன் கேபிள் கார் அன்று ஓடுகிறதா என்றும் பாருங்கள். பராமரிப்புக்காக மூடும் நாட்கள் உண்டு. காற்றும் இடியும் இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். செப்டம்பர், அக்டோபர் அங்கே கனமழைக் காலம். அந்த மாதங்களில் போகிறவர்கள் தேதியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுவைப்பது நல்லது.

ஏழாம் படி: சாவி கைக்கு வந்ததும்

வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். நாலு கதவு, இரண்டு பம்பர், நாலு சக்கரம், முன் கண்ணாடி, பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர், எல்லாம் தெரிய வேண்டும். இருக்கிற கீறலைக் கொடுப்பவர் முன்னாலேயே தொட்டுக் காட்டுங்கள். நாங்கள் எடுத்தபோது பிள்ளைகள் அழ, அவசரத்தில் இதைச் செய்யவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது பின் பம்பரில் ஒரு கீறலைக் காட்டி டெபாசிட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அது எங்களால் ஆனது இல்லை. ஆனால் இல்லை என்று காட்ட எங்களிடம் ஒரு படம்கூடக் கிடையாது. இன்றுவரை எனக்கு அது வருத்தம்தான்.

பெட்ரோல் எந்த அளவில் கொடுத்தார்களோ அதே அளவில் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள். சிலர் கால் டேங்க் அளவுக்குத்தான் வைத்துக் கொடுப்பார்கள். முதல் வேலையாக பங்க் எங்கே என்று பாருங்கள்.

சாலையில்

சாலைகள் நன்றாக இருக்கும். இரவில் மட்டும் கவனம் வேண்டும். கிராமப் பக்கம் மாடும் எருமையும் சாலைக்கு வரும், மலைப்பக்கம் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். குரங்குக்குத் தின்பண்டம் போட வண்டியை நிறுத்த வேண்டாம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால், மாலை 7 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த நேரத்துக்குள் ரிசார்ட்டுக்குத் திரும்பும்படி நாளை அமைத்துக்கொண்டால் இருட்டில் ஓட்டும் தேவையே வராது. 881 மீட்டர் உயர குனோங் ராயா மலைக்கு உச்சி வரை சாலை போகிறது. வளைவுகள் அதிகம், முதல் முறை ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர் அதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

திருப்பிக் கொடுக்கும்போது

பகல் வெளிச்சத்தில் கொடுங்கள். மறுபடி அதே மாதிரி ஒரு வீடியோ. இருக்கைக்கு அடியில் பிள்ளைகளின் செருப்பு, ஆயாவின் மருந்துப் பை, நடுப்பெட்டியில் பாஸ்போர்ட், இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். டெபாசிட்டைப் பணமாகக் கட்டியிருந்தால் அங்கேயே எண்ணி வாங்குங்கள். கிரெடிட் கார்டில் பிடித்து வைத்திருந்தால், விடுவிக்கச் சில நாட்கள் ஆகும். ஊருக்கு வந்த பிறகு அடுத்த மாத ஸ்டேட்மெண்டில் அந்தத் தொகை இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள், இருந்தால் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிய பதிலையும் இரண்டு வீடியோவையும் வைத்து உங்கள் வங்கிக்கு எழுதுங்கள்.