மிதித்தால் 'ஊங்' என்று இரையும் கார்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குப் போகும்போதுதான் முதலில் கவனித்தேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன்பக்கத்திலிருந்து 'ஊஊங்' என்று ஒரு இரைச்சல். காலை எடுத்தால் அதுவும் இறங்கிவிடும். பின்சீட்டில் இருந்த பக்கத்து வீட்டு ஆச்சி, "என்னப்பா, காரு சங்கு ஊதுது?" என்று கேட்டேவிட்டார்கள்.

தெரிந்தவர் ஒருவர் "பெல்ட்டுதாண்ணே, சோப்பு தடவுங்க" என்றார். தடவினேன். பிறகு பெல்ட்டையே மாற்றினேன். புது பெல்ட்டை விறைப்பாக இழுத்துக் கட்டியதில் சத்தம் கூடியதுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால், அந்த பெல்ட் சுழற்றும் ஆல்டர்னேட்டரின் பேரிங். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் இந்த ஆல்டர்னேட்டரை நம் பட்டறைகளில் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் அந்தப் பேரிங்கின் மேல் பக்கவாட்டு இழுவை கூடும். ஏற்கெனவே தேய்ந்தது இன்னும் சீக்கிரம் போகும். அதோடு, பெல்ட் வழுக்கினால் வருவது 'கீச்' என்ற கிறீச்சல், பேரிங்கோ பம்ப்போ தருவது 'ஊங்' என்ற இரைச்சல். இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் என் முதல் தவறு. சோப்பு, எண்ணெய், மெழுகு எதையும் பெல்ட்டில் தடவாதீர்கள். புழுதி அதில் ஒட்டிக்கொள்ளும், நம் ஊர் செம்மண் புழுதி கேட்கவே வேண்டாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொடுங்கள். நின்ற இடத்திலேயே இரைச்சல் ஏறி இறங்கினால் கோளாறு இன்ஜினோடு சுற்றும் ஏதோ ஒன்றில்: ஆல்டர்னேட்டர், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப், ஸ்டீயரிங் பம்ப். கிளட்சை மிதித்ததும் சத்தம் அடங்கினால் கியர் பாக்ஸ் உள்ளே போகும் தண்டின் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

நிற்கும்போது ஒன்றுமில்லை, ஓடும்போதுதான் என்றால் ஆளில்லாத நேரான சாலையில் 60 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். இன்ஜினை அணைத்துவிடாதீர்கள், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். இன்ஜின் சுற்றும் வேகம் (ஆர்.பி.எம்.) இறங்கியும் சத்தம் வேகத்தோடே ஒட்டிக்கொண்டிருந்தால் சக்கரப் பேரிங் அல்லது டயர். வலப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடப்பக்கப் பேரிங்தான், எடை அந்தப் பக்கம் சாய்வதால். ஆனால் பேரிங்கை மாற்றும் முன் டயரைக் கையால் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாகத் தேய்ந்த டயரும் இப்படித்தான் இரையும். முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் போட்டால் சத்தமும் இடம் மாறும், காசு மிச்சம்.

செட்டிநாட்டில் இதை அதிகம் பார்க்கிறோம். வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், கார் பின்கட்டுப் பக்கம் போர்வை மூடி நிற்கும். கல்யாணத்துக்கோ படைப்புக்கோ வந்தால்தான் சாவி திரும்பும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற டயர் அடிப்பக்கம் தட்டையாகும், பேரிங் கிரீஸ் காயும். எடுத்ததும் இரைகிறதே என்று உடனே இன்ஜின் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். முதலில் டயரில் காற்று அடித்து, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாம்.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முனகல் கூடுகிறதென்றால் ஸ்டீயரிங் ஆயில் குறைந்திருக்கலாம். இங்கே நடக்கிற மோசமான தவறு, கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றுவது. அது உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களைக் கெடுத்துவிடும். எந்த ஆயில் என்று மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும். இப்போதைய சிறிய கார்கள் பலவற்றில் மின்சார ஸ்டீயரிங், அதில் ஊற்ற ஆயிலே கிடையாது. கியர் ஆயிலும் அப்படித்தான். ஜி.எல்.4 என்ற தர வகை ஆயில் கேட்கும் கியர் பாக்ஸில் 'இது கெட்டியானது' என்று ஜி.எல்.5 ஊற்றினால் சத்தம் குறைவது இருக்கட்டும், உள்ளே இருக்கும் பித்தளை வளையங்கள் அரிக்கப்படலாம்.

இன்னொன்று, பழைய கைப்பழக்கம். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவார்கள். அம்பாசடர் காலத்தில் தப்பித்தோம். இன்றைய காரில் அந்த நொடியில் மின்னழுத்தம் எகிறி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. போய்விடலாம். பல கார்களில் மல்டிமீட்டரில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் போதும்.

என் வண்டியில் கண்டுபிடித்த மெக்கானிக் முதலில் செய்தது ஒன்றுதான். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டர் உடம்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். தோளில் கிடந்த துண்டை முன்பே எடுத்துவிட்டார், சுற்றும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வேட்டி, துண்டு, சங்கிலி எதுவும் ஆகாது. அப்புறம் இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, புல்லியை விரலால் சுண்டிவிட்டார். வழுக்கிச் சுற்ற வேண்டியது, ஆட்டுக்கல்லில் மணல் அரைபடுவது போலக் 'கரகர'வென்றது. பேரிங்குகளை மட்டும் மாற்றினார். மொத்த ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொன்ன இன்னொரு இடத்தின் கணக்கோடு பார்த்தால் அது ஒரு மூலைக்கும் வராது.

டீசல் டர்போ வண்டியில் மெல்லிய விசில் இயல்புதான். திடீரென்று கூடி, இழுவையும் குறைந்து கரும்புகை வந்தால் டர்போவிலிருந்து வரும் காற்றுக்குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள். ஆர்.பி.எம். ஏற ஏற 'ஊங்' ஏறினாலும், அது சில வண்டிகளில் இன்ஜினிலிருந்தே வராது, ஸ்பீக்கரிலிருந்து வரும். புதிதாக மாட்டிய மியூசிக் சிஸ்டத்தின் எர்த் ஒயர் சரியாகப் பிடிக்காவிட்டால் ஆல்டர்னேட்டரின் மின்சலனம் அப்படியே பாட்டில் கலந்துவிடும். பானெட்டைத் திறக்கும் முன் ரேடியோவை அணைத்துப் பாருங்கள்.