பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டும் முறை

பெருமூளை வாதம் என்பது வளரும் மூளை பாதிக்கப்பட்டதால் உடல் அசைவும் தசை இறுக்கமும் கட்டுக்குள் இல்லாத நிலை. சோறு வாயால் வழிகிறது, நாக்கால் தள்ளுகிறது, இருமுகிறது என்று தாய்மார் சொன்னால், சிகிச்சையாளர் முதலில் பார்ப்பது பிள்ளையின் இடுப்பைத்தான். இடுப்பு முன்னால் சறுக்கினால் முதுகு வளையும், தலை பின்னால் சாயும், நாடி (முகவாய்) மேலே எழும்பும். அந்த நிலையில் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போவது சுலபம். அண்ணாந்தபடி உங்கள் எச்சிலை விழுங்கிப் பாருங்கள், கஷ்டம் விளங்கும். அதனால் மடியில் மல்லாத்தி வைத்து ஊட்டுவதை இன்றே நிறுத்துங்கள்.

சிறுவர் பிளாஸ்டிக் கதிரை ஒன்று போதும். பிள்ளையின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, இரண்டு விரலகலம் குறையுங்கள். இருக்கையின் ஆழம் அதுதான். கதிரை அதைவிட ஆழமென்றால் முதுகுப்பக்கம் ரெஜிபோம் (பொருட்களைப் பொதி செய்யும் வெள்ளை நுரைப்பலகை) துண்டைத் துணியால் சுற்றி வையுங்கள். தலையணை அமுங்கிவிடும். பாதம் இரண்டும் பலகையில் முழுதாகப் பதிய வேண்டும். கால் தொங்கினால் உடம்பே விறைக்கும். பட்டியை வயிற்றில் கட்டாதீர்கள், பிள்ளை அதன் கீழால் சறுக்கும். தொடையும் இடுப்பும் மடியும் இடத்தில், பின்னோக்கிக் கீழே 45 பாகை சாய்வாக இழுத்துக் கட்டுங்கள். கால்கள் குறுக்கிட்டு இறுகினால் முழங்கால்களுக்கு நடுவே துவாயைச் சுருட்டி வையுங்கள். முன்னால் உள்ள மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும்.

சாப்பாட்டின் பதம் அடுத்தது. குழைந்த சோறு, பருப்பு, பூசணிக்காய், முள் பார்த்து எடுத்த பாரை மீன் எல்லாவற்றையும் ஒன்றாக மசியுங்கள். கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக, ஒரே கட்டியாக விழ வேண்டும். எங்கள் வீடுகளில் ஆசையாகக் கொடுக்கும் சொதி விட்ட இடியப்பம்தான் அதிகம் சிக்கல் தருவது: பிள்ளை மெல்லும் முன்னே சொதி தொண்டைக்கு ஓடிவிடும். புட்டு உதிர்ந்து வாய் முழுக்கப் பரவும். திரிபோஷ என்ற சத்துமாவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கெட்டிக் கூழாகக் கரைத்துக் கொடுக்கலாம்.

குழிவு குறைந்த சிறிய கரண்டி எடுங்கள். உடையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் வேண்டாம். பிள்ளைக்கு நேர் முன்னால், உங்கள் கண்ணும் அதன் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்துதான் பார்க்கும். அரைத் தேக்கரண்டி அளவு எடுத்து, கீழிருந்து நேராகக் கொண்டுபோய், நாக்கின் முன்பகுதியில் மெல்ல அழுத்தி, மேலுதடு இறங்கும்வரை பொறுங்கள். பிறகு நேராக வெளியே எடுங்கள். மேற்பல்லில் வழித்துவிட்டால் தலை திரும்பவும் பின்னால் போகும். உதடு வேலை செய்யவும் பழகாது. கரண்டியைக் கடித்துப் பிடித்தால் இழுக்காதீர்கள், இழுக்க இழுக்கக் கடி இறுகும். தாடை தானாகத் தளரும்வரை காத்திருங்கள். விழுங்கி வாய் வெறுமையான பிறகே அடுத்த வாய்.

ஒரு வேளைச் சாப்பாடு 30 நிமிடத்தைத் தாண்டினால் பிள்ளை களைத்துவிடும், களைத்த பிள்ளைக்குப் புரையேறும். ஆகவே குறைவாக, பலமுறை கொடுங்கள். முடிந்ததும் இன்னும் 30 நிமிடம் நிமிர்த்தி வைத்திருங்கள்.

தண்ணீருக்கு மெல்லிய பிளாஸ்டிக் கோப்பையின் விளிம்பில் ஒரு பக்கம் மூக்கு நுழையும் அளவு வளைவாக வெட்டி, ஓரத்தை மழுக்குங்கள். வெட்டிய பக்கம் மூக்கின் பக்கம் இருந்தால் தலையைச் சாய்க்காமலே குடிக்கலாம். மாவு கலந்து தண்ணீரைத் தடிப்பாக்குவதைச் சிகிச்சையாளர் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

சாப்பிடும்போது கண் கலங்குவது, குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வருவது எல்லாம் நுரையீரலுக்குள் சாப்பாடு போவதன் அடையாளமாக இருக்கலாம். சில பிள்ளைகள் இருமாமலே உள்ளிழுக்கும், அதனால் இருமல் இல்லையென்று நம்பியிருக்க வேண்டாம். உதடு நீலித்தால் ஊட்டுவதை அந்த இடத்திலேயே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மூதூர், குச்சவெளிப் பக்கமிருந்து திருகோணமலை நகருக்கு கிளினிக் வருவோர், முந்திய நாள் வீட்டில் ஊட்டும்போது பக்கவாட்டிலிருந்து, இடுப்பும் வாயும் தெரிய, போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுத்து வாருங்கள். வழக்கமான கரண்டியையும் கோப்பையையும் பையில் போடுங்கள். புது இடத்தில் பிள்ளை அழுது ஒன்றும் சாப்பிடாவிட்டாலும், சிகிச்சையாளருக்கு அந்த வீடியோவிலிருந்து பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.