கியோன் திருவிழாவை ஓவியக் குறிப்பேட்டில் வரைவோருக்கு

ஜப்பானின் கியோட்டோ நகரில் ஜூலை மாதம் முழுவதும் நடைபெறும் கியோன் திருவிழாவை வரைய விரும்புவோர், 17ஆம் தேதி ஊர்வலத்தன்று மட்டும் போய் நின்றால் பெரும்பாலும் கூட்டத்தின் முதுகுகளைத்தான் வரைய நேரிடும். அதற்குச் சில நாள்கள் முன்பே, ஆணியின்றிக் கயிற்றுக் கட்டுகளால் தேர்களைத் தெருவிலேயே எழுப்பி நிறுத்துகிறார்கள். ஏறத்தாழ 25 மீட்டர் உயரமும் 12 டன் எடையும் கொண்ட பெரிய தேர்கள் அசையாமல் நிற்கும் அந்நாள்களில், சக்கரம், முடிச்சு, தொங்கும் திரைச்சீலை ஆகியவற்றைப் பொறுமையாக வரைந்து வைத்துக்கொண்டால், ஊர்வலத்தன்று அதே பக்கத்தில் மனிதர்களைச் சேர்ப்பது மட்டுமே மிஞ்சும்.

அன்று நிற்பதற்கு ஏற்ற இடம் தெருமூலைதான். சக்கரங்கள் தாமாகத் திரும்பாதவை என்பதால், அவற்றின் அடியில் பிளந்த மூங்கில்களைப் பரப்பி, நீர் ஊற்றி, தேரைப் பக்கவாட்டில் சிறிது சிறிதாக இழுத்துத் திருப்புகிறார்கள். ஒரே அசைவு மீண்டும் நிகழ்வதால், முதல் இழுப்பில் தவறிய உடல் வளைவை அடுத்த இழுப்பில் பிடித்துவிடலாம்.

ஜூலைப் புழுக்கத்தில் நீர்வண்ணம் எளிதில் காயாது. நீரில் கரையாத மைப்பேனாவால் கோடுகளை முடித்து, வண்ணங்களின் பெயரை ஓரத்தில் எழுதிவைத்து, அறைக்குத் திரும்பியபின் தீட்டுவதே உசிதம்.

அன்றாடக் காட்சிகளுக்குக் கியோட்டோவின் நிஷிகி அங்காடி நல்ல களம். ஆனால் அதன் ஒடுங்கிய நடைபாதையில் பெரிய ஏட்டை விரித்து நிற்பது கடைக்காரர்களுக்கு இடையூறு என்பதால், அங்கே சட்டைப்பைக் குறிப்பேடும் பென்சிலும் போதும்.