அவுட்போர்டு எஞ்சினில் உப்பு தங்காமல் இருக்க

தரங்கம்பாடியிலோ பழையாரிலோ கடலுக்குப் போய்த் திரும்பும் ஃபைபர் படகின் பின்புறம் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்டு எஞ்சின், தன்னைக் குளிர்வித்துக்கொள்ளக் கடல் நீரையே உறிஞ்சுவதால், கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் உள்ளே உப்புப் படிந்து நீர்ப்பாதைகளை அடைத்துவிடும். மேட்டூர் அணை வழக்கமாக மூடியிருக்கும் ஜனவரி 28 முதல் ஜூன் 12 வரையிலான காலத்தில் முகத்துவாரத்திலும் கடல் நீர் ஏறி நிற்கும் என்பதால், ஆற்றில் ஓட்டி வந்ததையே கழுவியதாகக் கொள்ள வேண்டாம்.

புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, நீர் உறிஞ்சும் துளைகளுக்கு மேல் ஒரு சாணாவது தண்ணீர் நிற்கும்படி பெரிய டிரம்மில் எஞ்சினை இறக்கி, நியூட்ரலில் மெதுவாக 10 நிமிடம் ஓடவிடுங்கள். கடலோர ஊர்களில் அடிபம்புத் தண்ணீரே கரிப்பதுண்டு. ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு நிரப்புங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் சூடேறிய பிறகே தெர்மோஸ்டாட் (வெப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் அடைப்பான்) திறந்து தண்ணீர் உள்ளே முழுவதும் சுற்றும் என்பதால், இரண்டு நிமிடத்தில் நிறுத்துவது போதாது.

ஓடும்போது எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள சிறு துளையிலிருந்து தண்ணீர் பென்சில் கனத்தில் விடாமல் பீய்ச்ச வேண்டும். அது நின்றால் அக்கணமே எஞ்சினை அணையுங்கள். தண்ணீரின்றி ஓடினால் எஞ்சினுக்குள் நீரைத் தள்ளும் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். பிறகு, உள்ளே உள்ள நீர் முழுதும் வடியும்வரை எஞ்சினை நிமிர்த்தியே வையுங்கள்.