கூரை மேல் ஒரு காவல்காரன்: கிரேக்க நாடகத்தின் முதல் காட்சியைப் படிப்பது எப்படி?

கிரேக்க நாடகம் படிக்க ஆசைப்பட்டு, நாலாவது பக்கத்திலேயே பெயர்க் குழப்பத்தில் மூடி வைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழு நாடகமும் இப்போது வேண்டாம். ஈஸ்கிலஸின் 'அகமெம்னான்' நாடகத்தில் முதல் 39 வரிகள் போதும். கி.மு. 458இல் ஏதென்ஸில் முதல் பரிசு வாங்கிய நாடகத் தொடரின் முதல் நாடகம் இது.

முதலில் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்கோஸ் மன்னன் அகமெம்னான் டிராய் நகரத்தின் மீது படையெடுத்துப் போய்ப் பத்து வருடம் ஆகிறது. கப்பல் கிளம்பக் காற்று வேண்டும் என்று பெற்ற மகள் இஃபிஜீனியாவையே பலி கொடுத்துவிட்டுப் போனவன். திரும்பி வந்ததும் மனைவி கிளைட்டம்னெஸ்ட்ரா அவனைக் கொல்லப்போகிறாள். முடிவு தெரிந்தால் சுவாரஸ்யம் போய்விடும் என்று பயப்படாதீர்கள், அன்றைக்குப் பார்க்க வந்தவர்களுக்கும் இந்தப் பழங்கதை தெரிந்ததுதான்.

அடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். அரண்மனைக் கூரையில் ஒரு காவல்காரன் நாய் மாதிரிப் படுத்துக்கிடக்கிறான். ஒரு வருடமாக இதே வேலை: டிராய் விழுந்ததும் அதைச் சொல்ல மலைக்கு மலை ஏற்றப்படும் தீ கண்ணில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். படுக்கை பனியில் நனைந்திருக்கிறது, தூக்கத்துக்குப் பதிலாகப் பயம் பக்கத்தில் நிற்கிறது என்கிறான். நாடகம் நடந்ததோ திறந்தவெளியில், பகல் வெளிச்சத்தில். அத்தனை இருட்டையும் இவன் வார்த்தைகளே கொண்டுவர வேண்டும், அதனால்தான் நட்சத்திரம், பனி, தூக்கம் என்று ஒன்றொன்றாகச் சொல்கிறான். அந்தச் சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

அப்புறம் 22ஆம் வரிக்கு வாருங்கள். தீ தெரிகிறது! ஆடப்போகிறேன் என்கிறான், பகடையில் மூன்று ஆறு விழுந்த மாதிரி என்று குதிக்கிறான். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு மேலே பயம், கீழே சந்தோஷம் என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள், கடைசி நாலு வரியைப் பார்த்துவிட்டு எழுதலாம்.

அந்த நாலு வரிதான் எனக்கு இந்தக் காட்சியின் உயிர். ராஜா வரட்டும், அவர் கையைப் பிடிக்க வேண்டும் என்று சொன்னவன் சட்டென்று நிறுத்துகிறான். என் நாக்கின் மேல் ஒரு பெரிய மாடு நிற்கிறது, மற்றதைச் சொல்ல மாட்டேன், இந்த வீட்டுக்கு வாய் இருந்தால் அதுவே சொல்லும் என்கிறான். பேசாமல் நிற்பவனை 'வாயில் என்ன கொழுக்கட்டையா?' என்று நாம் கேட்போமே, அது அதட்டல். இவன் வாயை அடைப்பது பாரம், மிதித்தால் நசுங்கிவிடுவோம் என்கிற பாரம்.

சரி, இப்போது பயிற்சி. ஒரு தாளில் இவன் சொல்லாமல் விட்டதையெல்லாம் எழுதுங்கள். வீட்டை நினைத்து ஏன் அழுகிறான்? ராணியைப் பற்றிச் சொல்லும்போது ஆணைப்போலத் திட்டமிடும் மனம் என்று ஏன் சொல்கிறான்? எழுதி முடித்ததும் மேலே போய் முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை படியுங்கள், முதல் தடவை வெறும் புலம்பலாகத் தெரிந்தது இப்போது எச்சரிக்கையாகக் கேட்கும்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டே 40ஆம் வரிக்குப் போங்கள். ஊர்ப் பெரியவர்கள் உள்ளே வருகிறார்கள், இது பத்தாவது வருடம் என்று தொடங்குகிறார்கள்.