அஜின்கோர்ட் போர்க்களம்: தெர்மாகோல் மாதிரி செய்யும் முறை

பையனின் பள்ளிக் கண்காட்சிக்காக இதை இரண்டு முறை செய்தேன். முதல் மாதிரி குப்பைக்குப் போன கதை நான்காம் படியில் வருகிறது.

1415 அக்டோபர் 25, வட பிரான்ஸ். ஹார்ஃப்ளர் துறைமுகத்தைப் பிடித்த கையோடு, வயிற்றுப்போக்கில் நொந்துபோன படையுடன் கலே நகருக்குப் போய்க்கொண்டிருந்தார் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றி. பிரெஞ்சுப் படை குறுக்கே வந்து நின்றது. பின்னணி இவ்வளவு போதும்.

படி 1: 3 அடிக்கு 2 அடி தெர்மாகோல், தடிமன் ஒன்றரை அங்குலம். சார்ட் அட்டை வேண்டவே வேண்டாம், குண்டூசி நிற்காது. அளவு: 1 செ.மீ. = 20 மீட்டர். நீளவாக்கில் ஒரு முனை ஆங்கிலேயருக்கு (தெற்கு), மறுமுனை பிரெஞ்சுக்காரருக்கு. இரு படைக்கும் இடையே 50 செ.மீ. விடுங்கள்.

படி 2: ஆங்கிலேயருக்கு இடப்புறம் அஜின்கோர்ட் காடு, வலப்புறம் டிராம்கோர்ட் காடு. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து ஒட்டினால் மரங்கள். நடுவே 45 செ.மீ. இடைவெளி போதும். அழகுக்காக அகலப்படுத்தினால் குதிரைகள் பக்கவாட்டில் சுற்றி வந்துவிடும், அப்புறம் சண்டையே வேறு.

நடுவில் உள்ளது புதிதாக உழுத நிலம், முந்தின இரவு நல்ல மழை. ஃபெவிகாலில் காய்ந்த டீத்தூள் சக்கையைக் குழைத்துப் பூசினால் அசல் சேறு.

(திருத்தம்: சேறு பூஞ்சை பிடித்ததாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சக்கையை இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். இல்லாவிட்டால் மரத்தூள்.)

படி 3: ஓர் ஊசி = 100 பேர். ஆங்கிலேயர்: 50 பச்சை ஊசி வில்வீரர்கள், 10 வெள்ளை ஊசி கவசவீரர்கள். பிரெஞ்சுப் பக்கம் 120 சிவப்பு ஊசி. எண்ணிக்கையில் வரலாற்றாசிரியர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நான் குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டேன். வெள்ளை நடுவில், 12 செ.மீ. அகலத்துக்கு. பச்சையை இரு ஓரங்களிலும் வைத்தேன்.

படி 4: முளைக்குச்சிகள். வில்வீரர் ஒவ்வொருவரும் இரு பக்கமும் கூராக்கிய கழி ஒன்றைச் சுமந்து வந்தார். குதிரை பாய்ந்தால் நெஞ்சில் குத்தும்படி முன்னால் சாய்த்து நடுவதற்கு. நமக்குப் பல்குத்தும் குச்சி போதும்.

இங்கேதான் கெடுத்தேன். குச்சிகளைப் பசை போட்டு அழகாக நட்டுவிட்டேன். பிறகுதான் படித்தேன்: இரு படையும் மணிக்கணக்கில் முறைத்துக்கொண்டு நின்றன, பிரெஞ்சுக்காரர் அசையவில்லை. ஹென்றி முளைகளைப் பிடுங்கவைத்து, அம்பு எட்டும் தூரம் வரை முன்னேறி, மறுபடி நடவைத்தார். பிடுங்கிய நேரத்தில் பிரெஞ்சுக் குதிரைகள் பாய்ந்திருந்தால் வில்வீரர்கள் தொலைந்திருப்பார்கள். பாயவில்லை. என் குச்சிகளோ தெர்மாகோலையும் பெயர்த்துக்கொண்டு வந்தன! ஆகவே பசை கூடாது. வெறுமனே செருகுங்கள், மொத்தப் படையையும் நகர்த்தி, இடைவெளி 14 செ.மீ. ஆனதும் மறுபடி செருகுங்கள்.

படி 5: இப்போது அம்புகள் பறக்கட்டும். ஓரங்களில் இருக்கும் பிரெஞ்சுக் குதிரைப்படைக்கு நாலைந்து ஊசி போதும். அது பாய்ந்து, அம்பு பட்டு, திரும்பி ஓடி, பின்னால் வரும் தன் ஆட்களையே மிதிக்கிறது. அந்த ஆட்கள் குதிரையில் வரவில்லை. கவசத்தோடு சேற்றில் நடந்து வந்த பிரபுக்கள் அவர்கள். சாதாரண வில்வீரனோடு மோதுவதில் அவர்களுக்குப் பெருமையில்லை என்பதால் நடுவிலிருந்த கவசவீரரை நோக்கியே ஒதுங்கினார்கள். 50 சிவப்பு ஊசியை அந்த 12 செ.மீ.க்குள் குத்திப் பாருங்கள். இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று சாயும். களத்திலும் அப்படித்தான், கை தூக்க இடமில்லை. அம்பு தீர்ந்த வில்வீரர்கள் கோடரியும் சம்மட்டியுமாக ஓரங்களிலிருந்து உள்ளே இறங்கினார்கள்.

கடைசிப் பிரெஞ்சு வரிசையை ஏன் நகர்த்தச் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அதில் பெரும்பாலோர் குதிரையிலேயே பின்னால் நின்று, பிறகு கலைந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் கண்ணில் படும்படி நின்றது ஹென்றிக்குப் பயத்தைத் தந்தது. மறுபடி தாக்குவார்கள் என்று நினைத்துக் கைதிகளைக் கொல்லச் சொன்னார். அதனால் அந்த ஊசிகளைப் பிடுங்காமல் பலகையின் ஓரத்திலேயே விட்டுவையுங்கள்.